இருவர் நண்பரான நாள்

மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீடச் சிறுவர் நால்வர் கோவில் திண்ணையில் ஒரு கைப்பேசியைச் சுற்றி அமர்ந்திருந்தனர். பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றின் பதிவு அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் என்று பெயர்தானே ஒழிய, அதில் ஆடுவோர் எவரையும் நான் காணவில்லை. ஒருவர் பந்தை அருகிலிருப்பவரிடம் தட்டுகிறார். அவர் பின்னால் நிற்பவரிடம் தட்டுகிறார். அவர் கோல் காவலரிடம் திருப்பி விடுகிறார். எதிரணியினர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். பின்னர் பந்து அவர்களிடம் செல்கிறது. அவர்களும் அவ்வாறே செய்கின்றனர்.

நால்வரில் மூத்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "பாதர், இவங்க ரூல்ஸ் எதையும் மீறலையே. ஆனா ஊரே இவங்கள இன்னிக்கும் திட்டுது. அப்ப தப்பு எங்க இருக்கு?"

திருப்பலி முடிந்த களைப்பில், "மனசுல இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டேன். எளிதான பதில், பங்குக் குருக்கள் அவசரத்தில் எடுத்து நீட்டும் பதில். அது எனக்கே நிறைவு தரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விளையாட்டில் ஈடுபாடற்ற வாசகர்களுக்காகச் சில விவரங்கள். உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் முதற்கட்டம் குழுச்சுற்று எனப்படும். அணிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும். 1982-ஆம் ஆண்டு ஸ்பெயினில் 24 அணிகள், நான்கு நான்காக 6 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் மேலே செல்லும். வெற்றிக்கு 2 புள்ளிகள், சமநிலைக்கு 1 புள்ளி. புள்ளிகள் ஒத்திருந்தால், அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்படும். ஆகவே குழுச்சுற்றில் கால்களோடு கணக்கும் ஆடுகிறது. தோற்றும் மேலே செல்லலாம். வென்றும் வீட்டுக்குத் திரும்பலாம்.

மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, அல்ஜீரியா, சிலி ஆகிய நான்கும் ஒரு குழுவில் இருந்தன. அல்ஜீரியாவுக்கு அதுவே முதல் உலகக் கோப்பை. பிரான்சின் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்று இருபதே ஆண்டுகளான நாடு. அந்த அணி ஜூன் 16 அன்று கிகோன் நகரில், அப்போதைய ஐரோப்பியக் கோப்பை வாகையரான மேற்கு ஜெர்மனியை 2-1 என வென்றது. அடுத்து ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்றது. ஜூன் 24 அன்று சிலியை 3-2 என வென்றது. அதோடு அதன் மூன்று ஆட்டங்களும் முடிந்தன. கையில் 4 புள்ளிகள்.

மறுநாள், ஜூன் 25, கிகோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. மற்றவர் கணக்கு முழுவதும் தெரிந்த பின்னர் இவ்விரு அணிகளும் களமிறங்கின என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரியா வென்றாலோ ஆட்டம் சமநிலையில் முடிந்தாலோ ஜெர்மனி வெளியேறும். ஜெர்மனி 3 கோல் வித்தியாசத்தில் வென்றால் ஆஸ்திரியா வெளியேறும். ஜெர்மனி 1 அல்லது 2 கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டும் இரண்டுமே மேலே செல்லும், அல்ஜீரியா வெளியேறும். 10-ஆம் நிமிடத்தில் ஹோர்ஸ்ட் ஹ்ருபெஷ் ஜெர்மனிக்காக ஒரு கோல் அடித்தார். இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டது. எஞ்சிய 80 நிமிடங்களைத்தான் அச்சிறுவர்கள் திண்ணையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரங்கிலிருந்த அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை உயர்த்திக் காட்டினர். ஜெர்மானியர் ஒருவர் தம் நாட்டுக் கொடிக்கே தீயிட்டார். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளர், பெட்டியை அணைத்துவிடுமாறு நேயர்களைக் கேட்டுக்கொண்டார். உள்ளூர் நாளிதழ் அந்த ஆட்டத்தின் செய்தியைக் குற்றச் செய்திகளுக்கான பக்கத்தில் வெளியிட்டது. அல்ஜீரியா முறையிட்டது, உலகக் கால்பந்துச் சம்மேளனம் அம்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. எந்த விதியும் மீறப்படவில்லையே! பந்தைப் பின்னோக்கித் தட்டுவது விதிமீறலன்று. தம் அணியினர் காலால் தட்டிய பந்தைக் கோல் காவலர் கையால் எடுப்பதற்கே 1992-இல்தான் தடை வந்தது.

பூந்தமல்லிக் குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்றபோது, மனிதச் செயலை எடைபோட மூன்றைப் பார்க்கக் கற்றோம்: செய்யப்படும் செயல், செய்பவரின் நோக்கம், சூழ்நிலை. இந்த மூன்றையும் கிகோன் ஆட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பந்தைத் தட்டுவது நன்மையும் அன்று, தீமையும் அன்று. அடுத்த சுற்றுக்குச் செல்ல வேண்டும் என்பது நேர்மையான நோக்கமே. அதற்காகத்தானே ஒவ்வோர் அணியும் வருகிறது? இனி எஞ்சுவது சூழ்நிலை. அது இரண்டாம் நிலையிலேயே வைத்து எண்ணப்படும். குற்றத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்றே பொதுவாகச் சொல்வர். அப்படியானால் அச்சிறுவன் கேட்டது நியாயந்தான். தப்பு எங்கே இருக்கிறது?

புனித தோமா அக்குவினாஸ் இங்கே ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். சில வேளைகளில் சூழ்நிலை வெளியே நில்லாமல் செயலுக்குள்ளேயே புகுந்து, அதன் இயல்பையே மாற்றிவிடும். பிறர் பொருளை எடுப்பது திருட்டு. அதையே புனித இடத்திலிருந்து எடுத்தால் அது திருட்டு மட்டுமன்று, தெய்வ நிந்தையும் ஆகும். இடம் மாறியதால் செயலே வேறாகிவிட்டது. கிகோனில் நிகழ்ந்ததும் இதுவே என்பது என் கருத்து. அங்கே அந்த இருவர் செய்தது பந்தைத் தட்டுவதன்று. மூன்றாமவர் ஒருவர் ஆடி முடித்து, இனித் தமக்காக எதுவும் செய்ய இயலாதவராய் வெளியே காத்திருக்கிறார் என்று அறிந்துகொண்டே, அவர் முகத்தில் கதவைச் சாத்தினர். பந்து அதற்குத் தாழ்ப்பாளாயிற்று.

முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்களா? மெய்ப்பிக்கப்படவில்லை. பேச வேண்டிய தேவையும் இருந்திருக்காது. இருவருக்கும் ஆதாயம் ஒன்றேயாகிவிட்டால், மௌனமே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும்.

கணக்குப் பார்த்து ஆடுவதெல்லாம் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டு அணியே அப்படி ஆடியதுண்டு. 2019 ஜனவரி 14 அன்று ஆசியக் கோப்பைக் குழுச்சுற்றில், ஷார்ஜாவில், பஹ்ரைனுக்கு எதிராக இந்தியாவுக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. 90 நிமிடங்களும் தற்காத்து நின்றார்கள். கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியில் பஹ்ரைன் கோல் அடிக்க, இந்தியா வெளியேறியது. மனம் வருந்தினோம், ஆனால் எவரும் நாணவில்லை. ஏனெனில் எதிரே நின்றவர் வெல்லத் துடித்தவர். தற்காப்பும் ஒரு போராட்டமே. கிகோனிலோ எதிரே நிற்க எவரும் இல்லை. இரு பக்கமும் ஒரே பக்கமாகிவிட்டது.

இங்கே இன்னொரு வாதம் எழும். அல்ஜீரியரும் குற்றமற்றவரல்லரே? சிலிக்கு எதிராக முதற்பாதியில் 3-0 என முன்னிலையில் இருந்தவர்கள், பிற்பாதியில் 2 கோல்களை விட்டுக்கொடுத்தார்கள். அவற்றைக் காத்திருந்தால் அந்த 1-0 அவர்களை வெளியேற்றியிருக்காது. உண்மைதான். ஆனால் பூட்டாத வீட்டில் நுழைந்தவன் திருடன் அல்லன் என்று எந்த மனச்சான்று தீர்ப்பளிக்கும்? அல்ஜீரிய வீரர் ஒருவர் பின்னாளில், தங்களுக்குக் கோபமே வரவில்லை, இரண்டு பெரிய அணிகள் தங்களை வெளியேற்றுவதற்காக அவ்வளவு தாழ்ந்தது தங்களுக்குப் பெருமையே என்னும் பொருள்படப் பேசினார். அது அவருடைய பெருந்தன்மை. அதை எடுத்துக் குற்றவாளிகளின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

"தேவைக்கு மேல் உழைக்க எவருக்கும் கடமை இல்லையே" என்பது மூன்றாவது வாதம். படித்தவர்கள் சொல்வது இது. இதைக் கேட்கும்போது எனக்கு 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் நினைவுக்கு வரும். அங்கும் குழுச்சுற்று, ஆனால் ஒவ்வொரு குழுவிலும் முதலிடம் பெற்ற அணி மட்டுமே மேலே சென்றது. இந்தியா ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டிருந்தது. பெரு இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஆகவே கடைசியாக இந்தியாவும் பெருவும் சந்தித்தபோது, அந்த ஆட்டத்தால் இருவருக்கும் எள்ளளவும் பயனில்லை. வென்றாலும் வீடுதான், தோற்றாலும் வீடுதான். எனினும் ஆடினார்கள். பெரு 3-1 என வென்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழகத்தின் சைமன் சுந்தரராஜ். பின்னாளில் கேரள அணியின் பயிற்சியாளராக இருந்து, 1973-இல் அதற்கு முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தவர். அதன்பின் இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. எனவே இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோலாக அதுவே நிற்கிறது. புள்ளிப் பட்டியலில் அது எதையும் மாற்றவில்லை. போதும் என்னும் கணக்குக்கு அது முற்றிலும் வெளியே இருந்தது. கிகோனின் கோல் எல்லாவற்றையும் தந்தது. அத்தோடு ஆட்டம் செத்தது. ரோமின் கோல் எதையும் தரவில்லை. ஆனால் ஆட்டம் உயிரோடிருந்தது.

இவ்வளவும் விளையாட்டரங்கச் செய்திதானே என்று வாசகர் கருதலாம். லூக்கா நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பிலாத்து இயேசுவிடம் குற்றம் காணவில்லை. அவர் கலிலேயர் என்று அறிந்ததும், அது ஏரோதின் ஆட்சி எல்லை என்று அவனிடம் அனுப்புகிறான். சட்டப்படி சரிதான். ஏரோதும் குற்றம் காணவில்லை; ஏளனம் செய்து, பளபளப்பான ஆடை உடுத்தித் திருப்பி அனுப்புகிறான். அவன் இவனிடம், இவன் அவனிடம். இவ்விடத்தில் லூக்கா ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறார். வேறு எந்த நற்செய்தியாளரும் அதைச் சொல்லவில்லை. அதுவரை பகைவராயிருந்த ஏரோதும் பிலாத்தும் அன்று நண்பராயினர் என்பதே அது.

எத்தனை புனித வாரங்களில் அப்பகுதியை வாசித்திருக்கிறேன்! ஒப்புரவு நல்லதுதானே, அதை ஏன் பாடுகளின் நடுவே எழுதினார் என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ணிப் பார்க்க வைத்தது வேறொரு நிகழ்ச்சி. சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதவாறு சில செய்திகளை மாற்றியே அதைச் சொல்கிறேன்.

காஞ்சிப் பகுதியில் நான் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், பட்டு நெசவைத் தொழிலாகக் கொண்ட குடும்பம் ஒன்று எங்கள் பங்கில் இருந்தது. பெற்றோர் காலமாகிவிட்டனர். அண்ணன், தம்பி, இருவருக்கும் இடையே ஒரு பெண். தந்தையின் வீடும் தறிகளும் யாருக்கு என்பதில் அண்ணனும் தம்பியும் பல ஆண்டுகளாகப் பேச்சற்றிருந்தனர். ஒருவர் முதல் திருப்பலிக்கு வருவார். மற்றவர் இரண்டாம் திருப்பலிக்கு வருவார். நற்கருணை வாங்கும் கை ஒருவரையொருவர் தொடாதவாறு நாளை அமைத்துக்கொண்டவர்கள்.

எங்கள் ஊர்ச் சேலையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்யும் கோர்வை முறைக்கு, தறியில் ஒருவர் அமர்ந்தால் போதாது. நெய்பவர் உடலுக்கு நாடா எறிய, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஒவ்வோர் இழைக்கும் கரையின் நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெண்களோ பிள்ளைகளோ அமர்வார்கள். கூலி சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரரிடம் வரும். கணக்கேட்டில் இருப்பது அவர் பெயர் ஒன்றே. அக்குடும்பத்தில் தந்தைக்கும், பின்னர் அண்ணனுக்கும், தம்பிக்கும் கரை கோத்துக் கொடுத்தவர் அந்தப் பெண். பள்ளிப் படிப்பையும் அதற்காகவே நிறுத்தியவர். மணமாகி அடுத்த தெருவுக்குச் சென்ற பிறகும் காலையில் வந்து தறியோரம் உட்காருவார்.

ஒருநாள் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே என் அறைக்கு வந்தனர். பெரியவர்கள் சிலர் பேசி முடித்துவிட்டார்களாம். வீடு ஒருவருக்கு, தறிகளும் பின்மனையும் மற்றவருக்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகும் நாளன்று வீட்டில் செபம் செய்ய வர வேண்டும் என்றனர். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி மாளாது. இதற்காக எத்தனை முறை மன்றாடியிருந்தேன்!

"தங்கச்சிக்கு?" என்று ஒரு சொல் கேட்டேன். கேட்காமலில்லை.

"அதுக்கு ஒரு பட்டுச் சேலையும் கொஞ்சம் பணமும் குடுக்கறோம் சாமி. விடுதலைப் பத்திரத்துல அதுவே சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டுது" என்றார் அண்ணன்.

உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம் என்பதை நான் அறிவேன். மூன்றில் ஒன்று அவருடையது. ஆனால் அவரே கையொப்பமிட்டுவிட்டார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முத்திரையும் விழுந்துவிட்டது. விதி எதுவும் மீறப்படவில்லை. இப்போது நான் ஏதேனும் சொன்னால், பல ஆண்டுகளுக்குப் பின் கூடிய கை மறுபடியும் பிரிந்துவிடுமோ என்று அஞ்சினேன். அவ்வச்சத்துக்கு அன்று நான் வைத்துக்கொண்ட பெயர் விவேகம்.

சென்றேன், செபித்தேன். சகோதரர் ஒன்றித்து வாழ்வதன் இனிமையைப் பாடும் 133-ஆம் திருப்பாடலை எடுத்துப் பத்து நிமிடங்கள் பேசினேன். இருவரும் தழுவிக்கொண்டனர். அங்கிருந்தோர் சிலர் கண்ணீர் விட்டனர். தங்கை வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். புதிய பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். அதன் கரையையும் ஒருவேளை அவரே கோத்திருக்கக்கூடும்.

பளபளப்பான ஆடை என்று லூக்கா எழுதியதை இப்போதெல்லாம் என்னால் எளிதாக வாசித்துக் கடந்துவிட முடிவதில்லை.

கால்பந்துச் சம்மேளனத்தார் தங்கள் ஊழலுக்கு ஒரு மருந்து கண்டார்கள். 1986 உலகக் கோப்பையிலிருந்து, ஒவ்வொரு குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. பிறர் கணக்கு முடிந்த பின் நம் கணக்கைப் போட இடமில்லாமல் செய்துவிட்டனர். 2026 போட்டிக்கு 48 அணிகளை மும்மூன்றாகப் பிரிக்கலாம் என்று 2017-இல் எடுத்த முடிவையும் 2023-இல் மாற்றி, நான்கு நான்காக 12 குழுக்கள் என்றாக்கினர். மூவர் குழுவில் கடைசி நாளன்று ஒருவர் கட்டாயம் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். நல்ல மருந்துதான். ஆனால் அது அறிவைத்தான் மறைக்கிறது, விருப்பத்தைத் தொடுவதில்லை. மேலும் குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் அம்மருந்து கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் எல்லார் கணக்கும் தெரியும். கரை கோப்பவர் யார் என்பதும் தெரியும்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் திருப்பலிக் கருத்து எழுதிக்கொடுக்க வந்தார். தந்தையின் நினைவு நாள். "வேறு ஏதாவது கருத்து உண்டா அம்மா?" என்றேன். "அண்ணனும் தம்பியும் இப்படியே சமாதானமா இருக்கணும் சாமி" என்றார். பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அன்றும் அவரிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

திண்ணையில் அச்சிறுவன் கேட்ட கேள்விக்குப் பின்னர்தான், சென்ற மாதம் அண்ணனின் வீட்டுக்குச் சென்றேன். தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இப்போது அவருடைய மகள் அமர்ந்திருந்தாள். வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று கேட்டிருக்க வேண்டியதை இன்று கேட்கிறேன், முதற்குற்றம் என்னுடையது என்றேன். அவர் நாடாவை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சட்டப்படி எல்லாம் முடிஞ்சு போச்சே சாமி" என்றார்.

ஆமாம் என்றேன். காப்பி வந்தது. குடித்தேன். தம்பியிடம் பேசிவிட்டுச் சொல்வதாகக் கூறினார். எழுந்து வாசல் வரை வந்தபோது, உள்ளே தறியின் ஓசை மறுபடியும் கேட்டது. அவர் இன்னும் சொல்லியனுப்பவில்லை. அடுத்த வாரம் மீண்டும் போக எண்ணியிருக்கிறேன்.